கணக்குப் பார்த்தவரும் பதில் சொல்ல வேண்டும்

தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை



மலையேறி உழைத்த நமக்குக் கடைசியில் கிடைப்பது சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். அது கைக்கு வந்ததும், "பெருக்கித் தருகிறோம்" என்று நிதி ஆலோசகர்கள் வருகிறார்கள். மரண சகாய சங்கத்தின் கணக்கையும் காசு கொடுத்துக் கணக்காளரிடம் ஒப்படைக்கிறோம். இவர்களுடைய கவனயீனத்தால் பணம் போனால், தலைவிதி என்று நாம் இருந்துவிடக் கூடாது. நட்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால், நட்டம் வந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் நமக்காக வேலையைப் பொறுப்பேற்றார், தொழில் தெரிந்தவருக்குரிய கவனத்தோடு செய்யவில்லை, அதனாலேயே நட்டம் வந்தது என்ற மூன்றையும் நாம் காட்ட வேண்டும். வங்கிப் புத்தகத்தைப் பார்க்காமலே கணக்கு சரியென்று கையெழுத்து வைத்தால் அது கவனயீனம். மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பாராமல் ஒரு கம்பனியில் வைப்பிடச் சொல்வதும் அப்படித்தான். எதிர்பார்த்த வட்டி கிடைக்கவில்லை என்பது மட்டும் கவனயீனமாகாது. பணத்தைக் கையாடியிருந்தால் பொலிஸிலும் முறைப்பாடு செய்ய வேண்டும்.

வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம். பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், கடிதம், தொலைபேசியில் வந்த செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நமக்கு விளங்காத மொழியில் உள்ள கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

இத்தகைய நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "தருவார், பார்ப்போம்" என்று காத்திருந்தால் உரிமையே போய்விடும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கடதாசிகளோடு கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட நாம் சேர்ந்து கேட்போம்.