மருந்தியல் படிக்கலாமா?

(பீன்யாவில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"பிளஸ் டூ, பி.யூ.சி. முடித்த குழந்தைகள் நிறைய வருவார்கள். மருந்தியல் படிப்பைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்கள் மாமி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 1980-களில் சென்னையில் இந்தப் பாடத்தைப் படித்தேன். பிறகு இந்த ஊரில் பல வருஷங்கள் கற்பித்தேன். அந்த ஒரே தகுதியில் உங்கள் முன் நிற்கிறேன்.

பீன்யா என்றால் லேத் பட்டறையும் இயந்திர உதிரி பாகங்களும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் இங்கேதான் கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலையும் இருக்கிறது. 1981-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. புனே அருகில் பிம்ப்ரியில் பென்சிலின் தயாரிப்பதற்காக 1954-ல் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸும், கர்நாடக அரசின் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அதை உருவாக்கின. இத்தகைய தொழிற்சாலைகளில் பென்சிலின் வகை மருந்துகளை மற்ற மருந்துகளோடு ஒரே இடத்தில் தயாரிக்கக் கூடாது, தனிப் பகுதி வேண்டும் என்பது சட்டம். ஏன்? பென்சிலின் ஒவ்வாத ஒருவருக்கு, வேறொரு மாத்திரையில் அதன் தூசி கொஞ்சம் கலந்திருந்தால்கூட உயிருக்கு ஆபத்து வரலாம். கட்டடத்தில் ஒரு சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பதைக்கூட மருந்தியல் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் மருந்தியல். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறார்களே, எதற்கு? விழுங்கினால் குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் கல்லீரலைச் சுற்றாமல் நேரே ரத்தத்தில் கலக்கும். சில நிமிஷங்களில் வேலை செய்யும். இப்படி "ஏன்" என்று கேட்கும் குழந்தைக்கு இந்தப் படிப்பு ரொம்பப் பிடிக்கும்.

படிக்க என்ன வழி? பி.ஃபார்ம். நான்கு வருஷம். அதன் பிறகு எம்.ஃபார்மில் மருந்தியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம், இரண்டு வருஷம். 2008-ல் அறிமுகமான ஃபார்ம்.டி. ஆறு வருஷம், அதில் நோயாளிகளின் அருகிலிருந்தே கற்கலாம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு எம்.டி. மருந்தியல் மூன்று வருஷம். கர்நாடகத்தில் பி.ஃபார்முக்கும் ஃபார்ம்.டி.க்கும் சி.இ.டி. எழுத வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனால் இதில் போட்டோம்" என்று குழந்தையின் எதிரிலேயே சொல்லாதீர்கள். எல்லாப்ரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்து, பிறகு லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தினார். ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின், இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் ஆகியவை அவர் குழுவின் உழைப்பில் வந்தவை. 1948-ல், 53 வயதில் காலமானார். ஒரு பட்டம் கைநழுவியதோடு அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை.

இப்போது நம் அகங்களில் உண்மையிலேயே எழும் ஒரு கேள்விக்கு வருகிறேன். சென்ற வருஷம் ஒரு பெண் என்னிடம் வந்தாள். நல்ல மதிப்பெண். மருந்தியலில் ஆசை. ஆனால் பாட்டி, "தவளையையும் எலியையும் கொல்லும் படிப்பு நமக்கு வேண்டாம்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாராம். "பாட்டி சொல்வது தப்பா மாமி?" என்று கேட்டாள்.

தப்பில்லை. நான் படித்த நாளில் தவளையின் வயிற்றுத் தசையை எடுத்து, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். தசை சுருங்குவதை, புகை பூசிய காகிதம் சுற்றிய உருளையில் ஒரு முள் கோடாக வரையும். அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கோடும் உயரும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு விட்டாலும் உயராது. அந்தப் பாடம் அருமையான பாடம்தான். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கோட்டை மறுபடி வரைய, வருஷா வருஷம் எத்தனை தவளைகள்!

இன்று பி.ஃபார்ம். பாடத்திட்டத்தில் பிராணிகளைக் கொண்டு செய்யும் சோதனைகளைக் கணினிச் செயலியிலும் வீடியோவிலும் காட்டிவிடுகிறார்கள். அத்தகைய செயலிகளில் ஒன்றான எக்ஸ்ஃபார்ம், புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையில் உருவானது. ஆகவே பட்டப்படிப்பு வரை பாட்டி கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குப் போனால் எலிகளைத் தவிர்ப்பது கடினம். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, தேவையான குறைந்த எண்ணிக்கையில் மட்டும் பயன்படுத்துகிறார்கள். நாம் விழுங்கும் பெரும்பாலான மருந்துகள் அப்படிச் சோதிக்கப்பட்டு வந்தவைதான். பல கேப்ஸ்யூல்களின் உறை ஜெலட்டின். அது பிராணிகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. படிக்காமல் இருந்துவிட்டால் நமக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது.

மாற்றங்களைக் கொண்டுவந்தவர்களும் இதே துறையைப் படித்தவர்கள்தான். ஒரு காலத்தில் இன்சுலின், மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து வந்தது. 1982-ல் நுண்ணுயிரைக் கொண்டு மனித இன்சுலினையே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 2004-ல் நம் பெங்களூரின் பயோகான், ஈஸ்ட்டிலிருந்து தயாரித்த இன்சுலினை வெளியிட்டது. பிராணிகளிடம் இரக்கம் உள்ள குழந்தைக்கு இந்தத் துறையில் நிறைய வேலை காத்திருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன்; பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாடத்திட்டத்தைப் படித்துக் காட்டு என்றேன். அவள் பி.ஃபார்ம். சேர்ந்திருக்கிறாள். எம்.ஃபார்ம். போகும்போது மறுபடி யோசிப்பாளாம். அது நியாயம்தான்.

சம்பளத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் சாஃப்ட்வேர் அளவுக்கு வராது. தரக் கட்டுப்பாடு, மருந்துப் பரிசோதனை ஆய்வு, பக்கவிளைவுக் கண்காணிப்பு என்று வேலைகள் உண்டு. அனுபவம் சேரச் சேர உயர்வு உண்டு. பொறுமை வேண்டும்.

கடைசியாக, பெரியவர்களுக்கு. தவளைத் தசையின் பாடம் உங்களுக்கும்தான். மாத்திரையைக் கூட்டினால் பலன் கூடிக்கொண்டே போகாது, கெடுதல்தான் கூடும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது; கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அந்த அளவுகூட அதிகம். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும், கஷாயம், லேகியம் உட்பட, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மத்திய அரசு 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024-லும் தெரிவிக்கலாம்.

பேரன் பேத்திகள் யாராவது மருந்தியல் படிக்கிறேன் என்று வந்தால், அந்தத் தாளை அவர்களிடமும் கொடுத்து, "இது எதற்கு, இது ஏன் சாப்பாட்டுக்கு முன்னால்?" என்று கேளுங்கள். குழந்தைகள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.