அலுவலகக் கணினியில் ஆளுக்கொரு கணக்கு



ஓர் அலுவலகத்தில் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியைத் திறக்க அவருக்கு ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தருகிறார்கள். மின்னஞ்சலுக்கு வேறொன்று, பொதுக் கோப்புகள் இருக்கும் சர்வருக்கு மற்றொன்று, விடுப்பு விண்ணப்பத்துக்கும் சம்பளச் சீட்டுக்கும் தனித்தனியே இரண்டு. மாலைக்குள் ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால், அவர் சேருகிற நாளைவிட விலகுகிற நாளே நமக்கு அதிகக் கவலை தரவேண்டியது. ஐந்து கணக்குகளில் நான்கை மூடிவிட்டு ஐந்தாவதை மறந்துவிட்டால், ஈராண்டு கழித்தும் அவரால் வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கோப்புகளைப் படிக்க முடியும். வாசற்கதவின் சாவியை மறவாமல் திருப்பி வாங்குகிற நாம், இந்தச் சாவி இருப்பதையே மறந்துபோகிறோம்.

எல்லாப் பணியாளரின் பெயரையும் ஒரே ஏட்டில் வைத்து, எந்தச் சர்வரும் அந்த ஏட்டைக் கேட்ட பிறகே கதவைத் திறக்கச் செய்வது இதற்கு வழி. 1988இல் எக்ஸ்.500 என்றொரு பன்னாட்டு நெறிமுறை இதற்கென வகுக்கப்பட்டது. அது சிறிய கணினிகளால் சுமக்க முடியாத பாரம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் என்பவரும் உடனிருந்தோரும் அதை இலேசாக்கி, 1993இல் எல்டாப் என்ற நெறிமுறையாக வெளியிட்டார்கள். விண்டோஸ் 2000உடன் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரியும் இந்த எல்டாப் மொழியைப் பேசுவதுதான். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜல் தொடங்கிய சம்பா என்னும் திறந்த மூல மென்பொருளும், 2012இல் வந்த நான்காம் பதிப்பு முதல், உரிமக் கட்டணம் இன்றி ஏறக்குறைய அதே பணியைச் செய்கிறது.

சொல்ல எளிது. செய்ய உட்காரும்போதுதான் பெயர் என்பது எவ்வளவு வழுக்கலான பொருள் என்பது விளங்கும். நம் மலேசியத் தமிழர் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். சம்பளப் பகுதியில் 'முருகன் த/பெ கந்தசாமி' என்றிருக்கும். மின்னஞ்சலில் 'க. முருகன்', கோப்புச் சர்வரில் வெறும் 'முருகன்'. இது ஒருவரா, மூவரா? கணினிக்குத் தெரியாது. லெட்சுமி என்ற பெயரையோ ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே, பெயரை அடையாளமாகக் கொள்ளாமல், பணியாளர் எண்ணைக் கொள்வதே தக்கது. அடையாள அட்டை எண்ணைக் கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டா. ஏட்டில் உள்ளது எல்லாப் பட்டியலுக்கும் பரவும். பரவியபின் அதைத் திரும்பப் பெற இயலாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. லினக்ஸ், யூனிக்ஸ் வகைச் சர்வர்கள் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் குறித்துவைப்பதில்லை. ஓர் எண்ணால் குறித்துவைக்கின்றன. ஒரு சர்வரில் 1005 என்பது முருகன். பக்கத்துச் சர்வரில் அதே 1005 லெட்சுமி. இரண்டையும் ஒரே ஏட்டின்கீழ்க் கொண்டுவந்து, 1005 முருகனுக்கு என்று எழுதிவிட்டால், இரண்டாம் சர்வரில் லெட்சுமியின் கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் முருகனுடையவை ஆகிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றாது. அந்த அம்மையார் கணக்குப் பகுதிக் கிராணியாக இருந்துவிட்டால் விளைவை நாம் விளக்க வேண்டியதில்லை. ஏடு நடைமுறைக்கு வருமுன், ஒவ்வொரு சர்வரிலும் பழைய எண்களைப் புதிய எண்களாக மாற்றி முடித்திருக்க வேண்டும்.

ஒரே ஏடு என்றால், ஏடு படுத்தால் அலுவலகமே படுத்துவிடும் அல்லவா? ஆம். அதனால்தான் அதன் படியை வேறொரு கணினியிலும் வைக்கிறோம்.

இனி, அஞ்சல், நாட்காட்டி, பொதுக்கோப்பு மூன்றையும் சேர்த்துத் தரும் குரூப்வேர் எனப்படும் கூட்டுப்பணி மென்பொருளுக்கு வருவோம். லோட்டஸ் நோட்ஸ் 1989இல் வந்தது. 1995இல் லோட்டஸ் நிறுவனத்தை ஐ.பி.எம். வாங்கியது, 2019இல் நோட்ஸ் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. (எச்.சி.எல்லைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிவ நாடார் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்.) கைமாறுவது வாணிகத்தில் இயல்பே. ஆனால், முப்பது ஆண்டுக் கடிதங்களை அந்த மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவில் பூட்டிவைத்த அலுவலகமும் கூடவே கைமாறிப் போகிறது. விலையையும் நிபந்தனையையும் அடுத்த உரிமையாளரே சொல்வார்.

வெளியேற நினைத்தால், கடிதங்களைக் கொண்டுபோவது பெரும்பாடன்று. 1986இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமேப் நெறிமுறை அதற்குப் போதும். முரண்டு பிடிப்பது நாட்காட்டி. அதற்கும் பொது வடிவம் 1998இலும், சர்வரோடு பேசும் கால்டாவ் நெறிமுறை 2007இலும் வந்துவிட்டன. ஆனால், மேலாளரின் நாட்காட்டியில் அவருடைய செயலாளர் எழுதலாம், கூட்ட அறையை இன்னார்தாம் ஒதுக்கலாம் என்பன போன்ற அனுமதிகள் அந்த வடிவத்தோடு வருவதில்லை. பழைய மென்பொருள் அவற்றைத் தன் பெயர்ப் பட்டியலை வைத்தே எழுதியிருக்கும். பெயரேடு முன்பே ஒன்றாகியிருந்தால், இந்த அனுமதிகளைப் பட்டியலாக எடுத்துப் புதிய இடத்தில் பொருத்தலாம். இல்லையேல், ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டியதுதான். ஆதலால், முதலில் ஏடு, பிறகே அஞ்சல் என்பது எங்கள் கருத்து. ஏடு யாருடைய மென்பொருளில் இருக்கிறது என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024 ஏப்ரலில் இத்தகைய மாற்றத்தை அறிவித்தது. ஆக்டிவ் டைரக்டரிக்கு மாற்றாகத் திறந்த மூலப் பெயரேடு அமைப்பதை அத்திட்டத்தில் ஒரு தனிப் பணியாகவே வைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக் ஆகியவற்றிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டு ஆகியவற்றுக்கு மாறும் வேலை ஏறத்தாழ ஆறு மாதம் நடந்து, 2025 அக்டோபரில் முடிந்தது. 40,000க்கு மேற்பட்ட அஞ்சல் பெட்டிகள். 10 கோடிக்கு மேற்பட்ட கடிதங்களும் நாட்காட்டிக் குறிப்புகளும். இடையில் தடங்கல்களும் பணியாளர் முறையீடுகளும் எழாமல் இல்லை.

அதே நாட்டின் மியூனிக் நகரமன்றம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013இல் 15,000ஐ ஒட்டிய கணினிகளை மாற்றி முடித்து, 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. மென்பொருள் காரணமா, அரசியல் காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காக மாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதியைப் பழுதுபார்க்கிறவருக்கும் பயிற்சி தருகிறவருக்கும் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும் தாள் மேசைக்கு வரும்போது, கையெழுத்திடுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஒரு செயலாளரின் அஞ்சல் பெட்டியையும் நாட்காட்டியையும், அவருக்குள்ள அனுமதிகளின் பட்டியலையும் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அதைப் பணியாளர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.