கழுதை வாங்கப் போறீங்களா? ஆண் கழுதையையும் சோதிச்சு வாங்குங்க



ஆண் கழுதையின் விந்துத் தரம் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் பேசப் போறார்னு சொன்னா, யாருக்கும் முதல்ல சிரிப்புதான் வரும். சிரிங்க, தப்பில்லை. ஆனா இன்னைக்கு இந்த விஷயத்துல பல பேரோட சேமிப்பும் வங்கிக் கடனும் மாட்டியிருக்கு. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

2012-ல் நம்ம நாட்டில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் அது 1.2 லட்சம். ஏழு வருஷத்தில் 61 சதவீதம் காணாமல் போயிருக்கு. சலவைத் தொழிலுக்கு மினி வேன் வந்துவிட்டது, சூளைக்கு டிராக்டர் வந்துவிட்டது. ரோடு ஏறாத மலை ஊர்களில் மட்டும் இன்னும் கழுதையை விட்டால் ஆளில்லை. தருமபுரி மாவட்டத்து மலை ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிப் போகிற வீடியோ, தேர்தல் நேரத்தில் உங்க போனுக்கும் வந்திருக்கும்.

இப்போ புதுசா ஓடுறது கழுதைப் பால் பண்ணை வீடியோ. லிட்டர் ஆயிரக்கணக்கில் விற்குது, சோப்பு செய்யலாம், நாங்களே பாலைத் திரும்ப வாங்கிக்கிறோம் என்றெல்லாம் சொல்றாங்க. இதற்கு அரசு உதவியும் உண்மையிலேயே இருக்கு. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தைத் திருத்தியபோது குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வளர்ப்பையும் சேர்த்தது. முதலீட்டில் 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மானியம். தனிநபர், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். (இடையில் ஒரு வார்த்தை: பிறந்த குழந்தைக்குச் சங்கில் கழுதைப் பால் புகட்டுவதை நான் ஆதரிக்கலை. ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.)

சரி, அந்த வீடியோக்களில் வராத கணக்குக்கு வருவோம். பெண் கழுதை குட்டி போட்டால்தான் பால். குட்டி குடிச்சது போக நமக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். சினைக்காலமோ சுமார் 12 மாசம், சிலது 13 மாசமும் தாண்டும். பத்துப் பெண் கழுதைக்கு ஓர் ஆண் கழுதை வாங்கி விடுறீங்க. அந்த ஆண் மலடாக இருந்தால் பத்துமே சினை பிடிக்காது. "இன்னும் வயிறு தெரியலையே" என்று ஆறு மாசம் காத்திருந்து, பிறகு வேறு ஆண் தேடி, அதற்கப்புறம் 12 மாசம். ஒன்றரை வருஷம் தீவனச் செலவு உங்க கையிலிருந்து போகும். ஆனாலும் வாங்குறவங்க பெண் கழுதையின் மடியைப் பத்துத் தடவை தடவிப் பார்ப்பாங்க. ஆணுக்கு உயரமும் கத்தலும் போதும்னு விட்டுடுவாங்க.

நல்ல ஆண் கழுதையை எப்படித் தெரிஞ்சுக்கிறது? விரைப்பையில் இரண்டு விரைகளும் இறங்கியிருக்கணும், கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கணும், தொட்டால் கல் மாதிரியும் இல்லாமல் பஞ்சு மாதிரியும் இல்லாமல் இருக்கணும். உடம்பு அளவுக்குப் பார்த்தால் குதிரையைவிடக் கழுதைக்கு விரை பெரிசு. அதை வீக்கம்னு பயப்படாதீங்க. ஒரு விரை மட்டும் இறங்கியிருந்தால், எவ்வளவு மலிவா கொடுத்தாலும் இனவிருத்திக்கு வாங்காதீங்க. அந்தக் குறை குட்டிக்கும் போகலாம். ஒன்றரை, இரண்டு வயசிலேயே ஆண் சேரப் பார்க்கும். ஆனாலும் மூன்று வயசு ஆன பிறகு முழுசா பயன்படுத்துவதுதான் நல்லது.

அடுத்தது விந்துப் பரிசோதனை. மருத்துவர் வெந்நீர் நிரப்பிய செயற்கைக் குழாயில் விந்தைச் சேகரித்து, வடிகட்டி, வெதுவெதுப்பான கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 மில்லி கிடைக்கும்; காளைக்குக் கிடைப்பது 5 முதல் 8 மில்லிதான். ஒரு மில்லியில் பொதுவாக 20 முதல் 40 கோடி விந்தணு இருக்கும். எண்ணிக்கையைவிட, எத்தனை அணு நேராக முன்னே நீந்துது என்பதுதான் முக்கியம். நல்ல ஆணிடம் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் நீந்தும். சாயம் ஏற்றிப் பார்த்தால் செத்த அணு, வால் சுருண்ட அணு, தலை கோணிய அணு எல்லாம் தெரிஞ்சிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு மாதிரியை வைத்து "இது மலடு"ன்னு முடிவு கட்டாதீங்க. பல மாசம் சேராமல் இருந்த ஆணின் முதல் மாதிரியில் தேங்கிப்போன, செத்த அணுக்கள் நிறைய வரும். பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருந்தாலும், சிறுநீர் கலந்தாலும், வெயில் பட்டாலும், சட்டுன்னு குளிர்ந்தாலும் நல்ல அணுவே செத்துடும். தொடர்ந்து சில நாள் எடுத்துப் பார்த்தபின் சொல்வதுதான் முறை.

இன்னொரு தவறான முடிவையும் அடிக்கடி பார்க்கிறேன். ஆண் கழுதை குதிரை மாதிரி வேகமா சேராது. பெண்ணை முகர்ந்து பார்க்கும், கத்தும், விறைக்காமலே ஒரு தடவை ஏறி இறங்கும், தள்ளிப் போய்ச் சும்மா நிற்கும், மறுபடி வரும். அரை மணி நேரம்கூட ஆகலாம். அது அதோட சுபாவம். இதைப் பார்த்து "வீரியம் போச்சு"ன்னு அடிக்கிறவங்களும் இருக்காங்க, ஹார்மோன் ஊசி போடுறவங்களும் இருக்காங்க. அடிச்சால் கிட்டவே வராது. ஆண் ஹார்மோன் ஊசியோ விந்தணு உற்பத்தியையே குறைச்சிடும். தயவுசெஞ்சு கடையில் கேட்டு வாங்கி நீங்களா போடாதீங்க.

விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ இரண்டு மாசம் ஆகும். அதனால இன்னைக்கு வந்த காய்ச்சலின் பாதிப்பு அடுத்த மாசமும் தெரியும். விரை உடம்புச் சூட்டைவிடக் குளிர்ச்சியா இருந்தால்தான் வேலை செய்யும். உச்சி வெயிலில் சுமை, தகரக் கூரையின் கீழ் கட்டிப்போடுவது, விரைப்பையில் உதை, கடிக்கும் ஈக்கள் பரப்புகிற சர்ரா நோய், கோடையில் ஈ மொய்த்து ஆண்குறியில் வரும் ஆறாத புண் எல்லாமே கெடுக்கும். அளவுக்கு மீறித் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதும் கெடுதல்தான். உலர்ந்த புல், வைக்கோலிலேயே கழுதை நல்லா வாழும்.

மாட்டுக்கு ஆண் சரியில்லைன்னா சினை ஊசி இருக்கு. உதகையிலும் ஓசூரிலும் ஈச்சங்கோட்டையிலும் உறைவிந்து நிலையங்கள் இருக்கு. கழுதைக்கு நம்ம ஊர் மருந்தகத்தில் அந்த வசதி கிடையாது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம், தன் பிகானேர் வளாகத்தில் இந்த வேலையைச் செய்யுது. அங்கேயும் ஒரு இயற்கைத் தடை: கழுதையின் உறைவிந்து பெண் குதிரையில் பிடிக்கிற அளவுக்குப் பெண் கழுதையில் பிடிப்பதில்லை. ஆகவே உயிரோடு நிற்கிற நல்ல ஆணுக்கு மாற்றே இல்லை. ஊரில் ஒரே ஆண்தான் மிச்சம் என்றால், அதன் மகளோடு அதையே சேர்க்கிற நிலைமை வரும். பக்கத்து ஊர்க்காரரோடு ஆணை மாற்றிக்கொள்ளுங்க. நல்ல ஆணுக்குக் காயடிக்கும் முன்னாடி ஒரு தடவை விசாரிங்க.

உங்க போன் இதற்கு நல்லாவே உதவும். பருவத்துக்கு வந்த பெண் கழுதை காதை மடித்து, எச்சில் ஒழுக வாயை மென்றுகொண்டே நிற்கும். அதை ஒரு நிமிஷ வீடியோ எடுங்க. ஆண் சேர்ந்த தேதியை காலண்டரில் போடுங்க. 23, 24 நாள் கழித்து அலாரம் வைங்க. அந்த நாட்களில் மறுபடி அதே மாதிரி வாயை மென்றால் சினை இல்லைன்னு அர்த்தம். இரண்டு மூன்று பெண்கள் இப்படித் திரும்பினால் ஆணைச் சோதிக்கிற நேரம் வந்தாச்சு. ஸ்கேன் வசதி இருந்தால் மூன்றாவது வாரத்திலேயே சினை தெரியும்.

வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்க: போன வருஷம் இந்த ஆணுக்கு எத்தனை குட்டி பிறந்தது, எங்கே பார்க்கலாம்? பதில் மழுப்பலா இருந்தால் முன்பணம் கொடுக்காதீங்க. கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்க, அது மனிதருக்கும் தொற்றும். மானியத்துக்கு தேசிய கால்நடை இயக்கத்தின் உத்யமிமித்ரா இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் வேண்டாம். சந்தேகத்துக்கு மாவட்டத்தில் இருக்கிற கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் போங்க. ஆணுக்குக் காய்ச்சல், அடி, புண் என்றால் 1962-க்குக் கூப்பிடுங்க. "கழுதைக்குத்தாங்க"ன்னு சொல்லக் கூச்சப்படாதீங்க, அதற்கும் வைத்தியம் உண்டு.