அரங்கேற்றத்துக்கு முன் ஓர் இரவு

(நூற்றாண்டு விழா மாலை நிகழ்வில் பழைய மாணவியர் கூத்துக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்னும் சிறிது நேரத்தில் இந்த மண்டபத்தில் நீங்கள் பார்க்கப்போவது முடிந்த கூத்து அல்ல. கூத்து உடுப்பு இல்லை, முடி இல்லை, ஒப்பனை இல்லை. சாதாரண சேலையோடு வருவோம். சில இடங்களில் கொப்பியைப் பார்த்துப் பாடுவோம். அண்ணாவியார் நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, மறுபடி தொடங்குவோம். குறை இருக்கிறதென்று தெரிந்துகொண்டே ஏன் உங்கள் முன் வருகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தச் சில நிமிடங்களைக் கேட்டோம்.

முடியாத கூத்தை ஊருக்குக் காட்டுவது புதிய வழக்கம் அல்ல. மட்டக்களப்பில் சட்டங் கொடுத்து, சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, அரங்கேற்றத்துக்கு முன்னர் 'அடுக்குப் பார்ப்பார்கள்'. முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் இரவு அது. எங்கள் பக்கத்திலும் கூத்துப் பழகும் வளவைச் சுற்றிச் சனம் நிற்கும். பாட்டுப் பிசகினால் வேலிக்கு வெளியே நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். அரங்கேற்றத்தன்று யாரும் திருத்த மாட்டார்கள். திருத்தம் வேண்டுமென்றால் அதற்கு முன்னரே காட்டவேண்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது மூவிராசாக்கள் கதை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1964இல் என்றீக்கு எம்பரதோர் நாடகத்தையும், 1966இல் மூவிராசாக்கள் நாடகத்தையும், 1967இல் ஞானசவுந்தரி நாடகத்தையும் பதிப்பித்தார்கள். அந்தப் புண்ணியத்தில் சொற்கள் எங்களிடம் இருக்கின்றன. மெட்டு அச்சில் ஏறவில்லை. தரு, விருத்தம் என்று பாட்டின் தலையில் போட்டிருக்கும். அதை மாதோட்டப் பாங்கில் எப்படி இழுப்பது, யாழ்ப்பாணப் பாங்கில் எப்படி இழுப்பது என்பது பாடினவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோ 1990இலும், பிறகு 2008இலும் இடம்பெயர்ந்து, மடு, மண்டபம் முகாம், கனடா என்று சிதறிப் போனார்கள். கொப்பிகளை எடுத்துக்கொண்டு ஓட யாருக்கு நேரம் இருந்தது?

இன்னொன்றும் உண்டு. அந்த நாளில் கூத்து ஆடினவர்கள் ஆண்கள். மாதாவாக வந்தவரும் ஆண்தான். நாங்கள் பாயில் இருந்து பார்த்தோம். விடுதிக்குத் திரும்பிக் கிணற்றடியில் பாடினோம். இப்போது ஐம்பது வயது தாண்டி, முழங்கால் வலியோடு, தாளக்கட்டுப் பழகுகிறோம்.

ஏரோது குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பிறகு பெத்லகேம் தாய்மார் அழும் ஒரு கட்டத்தை நாங்களே எழுதிச் சேர்த்தோம். சென்ற மாசியில் வங்காலையில் ஒரு வளவில் அதை முதல்முறையாகப் பாடிக் காட்டினோம். தாளம் பிசகவில்லை. எங்களுக்குச் சந்தோசம். அப்போது முத்தரிப்புத்துறையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழும்பி, "பிள்ளையள், வடிவாத்தான் பாடுறியள். ஆனா பிள்ளையப் பறிகுடுத்தவளுக்கு இவ்வளவு தாளம் வராது" என்றார். அவருடைய மகன் இன்னும் வீடு திரும்பவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மத்தளக்காரரைப் பார்த்து, "அந்த இடத்தில அடிக்காதை, தம்பி" என்றார்.

அன்று தொடக்கம் அந்தக் கட்டத்தை மத்தளம் இல்லாமல் பாடிப் பழகுகிறோம். ஆனால் எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. மத்தளம் நின்றால் அது கூத்தாகாது என்று சிலர் சொல்கிறோம். அந்த அம்மா சொன்ன பிறகு அடிக்க மனம் வரவில்லை என்று சிலர் சொல்கிறோம். இன்று இரண்டு விதமாகவும் பாடுவோம். கேட்டுவிட்டு உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

'நல்லாயிருந்தது' என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போய்விடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அப்பப்பாவின் கொப்பி ஏதாவது பெட்டியில் கிடந்தால் படம் பிடித்து அனுப்புங்கள். அரைத் தரு ஞாபகம் இருந்தாலும் கைத்தொலைபேசியில் பாடி அனுப்புங்கள். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, ராசாக்களின் வரவுத் தருவில் எங்களுக்கு விட்டுப்போன ஓர் இழுப்பைப் பாடித் தந்தாள். கிணற்றடியில் நாங்கள் பாடக் கேட்டதாம். நாங்கள் மறந்துவிட்டோம்; அவள் மறக்கவில்லை.

அரங்கேற்றம் வருகிற தை மாதம், மூவிராசாக்கள் திருநாளன்று. அதுவரை இந்தக் கூத்தில் எதையும் மாற்றலாம். எங்கே இருந்தாலும் நீங்களும் இந்த வளவுக்குள் நிற்கிறீர்கள் என்றே எண்ணுகிறோம்.