நான்கு வாரம், நான்கு பள்ளிக்கூடங்கள்

(ஓடைப்பட்டியில், குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் மாதம் வருகிறது. 14-ஆம் தேதி குழந்தைகள் நாள். பேச்சுப்போட்டி, மாறுவேடப் போட்டி எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். அதோடு, பள்ளி வாழ்க்கையைச் சொல்லும் படங்களை மாதம் முழுவதும் வரிசையாகத் திரையிடலாம் என்று எங்கள் பள்ளியில் திட்டமிட்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

பள்ளியில் படம் காட்டுவது நமக்குப் புதிதல்ல. 2022-இல் நம் துறை சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியது. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மாதம் ஒரு படம் பார்த்து, அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் வழி பிறந்தது. இந்தத் திட்டமும் அந்த வழியில் வருவதுதான். படங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றியவையாக இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

பள்ளிப் படம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவை எவை? 2012-இல் வந்த ‘சாட்டை’. 2011-இல் வந்த ‘வாகை சூட வா’. இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் இரண்டிலும் நாயகன் ஆசிரியர். ஊரைத் திருத்துகிறார், பள்ளியைத் திருத்துகிறார். பார்க்கும் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? நல்ல வாத்தியார் ஒருவர் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான். அதனால் பிள்ளையே நாயகனாக இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றில் ஆசிரியர்களும் வருகிறார்கள். ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார்களோ அப்படி வருகிறார்கள்.

முதல் வாரம் ‘சிவப்பு பலூன்’. 1956-இல் வந்த பிரெஞ்சுப் படம், ஆல்பெர் லமோரீஸ் எடுத்தது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். வசனம் மிகக் குறைவு என்பதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பாஸ்கல் என்ற சிறுவனுக்கு ஒரு பலூன் கிடைக்கிறது. அது நாய்க்குட்டி போல அவன் பின்னாலேயே வருகிறது, பள்ளிக்கும் வருகிறது. தலைமையாசிரியர் அவனை ஓர் அறையில் பூட்டி வைக்கிறார். தொடக்கப் பள்ளியில் பேச இந்த ஓர் இடமே போதும்: “உன் பலூன் எது? அதைப் பள்ளிக்குள் விடுவார்களா?”

இரண்டாம் வாரம் மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’. 1997-இல் வந்த ஈரானியப் படம், ஒன்றரை மணி நேரம். தைத்து வாங்கி வந்த தங்கையின் காலணியை அலி தொலைத்துவிடுகிறான். வீட்டில் காசில்லை. காலையில் தங்கை பள்ளிக்குப் போட்டுச் செல்லும் அலியின் காலணியை, மதிய வகுப்புக்கு அவன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். எவ்வளவு வேகமாக ஓடினாலும் தாமதமாகிவிடுகிறது.

இந்தப் படத்தைச் சென்ற ஆண்டு எங்கள் ஏழாம் வகுப்பில் காட்டினோம். படம் முடிந்ததும் நீதி என்ன என்று கேட்கவில்லை. “அலி ஏன் உண்மையைச் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டேன். “சொன்னா அப்பா வைவாரு சார்” என்றான் ஒருவன். “காலணிக்குத் தங்கச்சி அழுவா” என்றான் இன்னொருவன். அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, “எல்லார் முன்னாடியும் கேட்டா எப்படி சார் சொல்லுவான்? எங்க வீட்ல காசில்லைன்னு சொன்ன மாதிரி ஆயிருமே” என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அந்த மாணவி வாரத்தில் இரண்டு நாளாவது இரண்டாம் பாடவேளையில்தான் வருவாள். அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கொத்து வெட்டப் போகிற நாளில் தம்பியைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள் என்பது பிறகு தனியாகப் பேசும்போது தெரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. விடியும் முன்னே ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் எத்தனை பேர் தாங்களே எழுந்து, தாங்களே கிளம்பி வருகிறார்கள்! அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்பதில்லை. உள்ளே வந்து உட்காரட்டும், இடைவேளையில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு படம் எங்களுக்குக் கொடுத்த பலன் இது.

மூன்றாம் வாரம் ‘ஸ்டான்லி கா டப்பா’. 2011-இல் அமோல் குப்தே எடுத்த இந்திப் படம். பிள்ளைகளின் படிப்பு கெடாமல் சனிக்கிழமைகளில் பயிற்சிப் பட்டறை போல நடத்தியே இதைப் படமாக்கினார்கள். ஸ்டான்லி மதிய உணவு கொண்டுவருவதில்லை. நண்பர்கள் பகிர்ந்து கொடுக்கிறார்கள். பிள்ளைகளின் டப்பாக்களைத் திறந்து தானே தின்னும் ஓர் ஆசிரியர், டப்பா கொண்டுவராவிட்டால் பள்ளிக்கே வராதே என்கிறார். அவன் ஏன் கொண்டுவருவதில்லை என்பது கடைசியில்தான் தெரியும். அதை இங்கே சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் அருமை நமக்குத் தெரியும். தட்டில் உணவு இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று பேச இந்தப் படம் இடம் கொடுக்கும்.

நான்காம் வாரம் நம் ‘பசங்க’. 2009-இல் பாண்டிராஜ் எடுத்த முதல் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஊருக்குப் புதிதாக வரும் அன்புக்கரசுவும், வாத்தியார் மகன் ஜீவாவும் மோதிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் சண்டை வீடுகளுக்கும் போகிறது, வீட்டுச் சண்டை பிள்ளைகளிடம் வருகிறது. இதற்குப் பெற்றோரையும் அழையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து வைத்தால் வசதி. படம் நீளமானது, இடைவேளையில் தேநீர் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரே நாளில் நான்கையும் போட்டுவிடலாமே, திருவிழா மாதிரி இருக்குமே என்று சிலர் கேட்டார்கள். திருவிழா மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டாவது படம் தொடங்கும்போதே முதல் படம் மறந்துவிடும். பேச நேரம் இருக்காது. படத்தைவிடப் படத்துக்குப் பிந்தைய முக்கால் மணி நேரம்தான் நமக்கு முக்கியம். அதனால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

இனி நடைமுறை விஷயங்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டினால் இருட்டு கிடைத்துவிடும். கவனிக்க வேண்டியது ஒலி. நல்ல ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கடைசி வரிசைப் பிள்ளை பத்து நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத் தொடங்கிவிடும். வேற்றுமொழிப் படத்தில் எழுத்து ஓடும்போது ஓர் ஆசிரியர் கதையைத் தமிழில் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வரலாம். அதற்கு அவர் முன்னதாகவே இரண்டு முறை படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் படத்தை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். நிறுத்தும் இடத்தில் “அடுத்து என்ன நடக்கும்?” என்று எழுதச் சொன்னால், எழுதவே மாட்டேன் என்கிற பிள்ளையும் நாலு வரி எழுதும். எழுத வராத பிள்ளை வரையட்டும்.

பதிப்புரிமை பற்றிப் பலருக்கும் ஐயம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, அங்குள்ள ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் போன்றோருக்கு மட்டும் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டாம், கட்டணமும் வேண்டாம். படத்தை முறையான வழியில் பெறுங்கள். தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு முன்பு, ஆசிரியர்களாகிய நாம் மட்டும் பார்க்க வேண்டிய படங்கள் இரண்டு. ஒன்று, 1987-இல் அப்பாஸ் கியாரொஸ்தமி எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே’. தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் குன்றேறி அடுத்த ஊருக்கு ஓடுகிறான். நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டே நீக்கிவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆசிரியர் அந்த நோட்டைத் திருத்துகிறார். அதற்குப் பின்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நம் மேசையிலும் தினமும் நோட்டுகள் அடுக்கி இருக்கின்றன.

மற்றொன்று, 2024-இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘வாழை’. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிற, பள்ளிக்கூடத்தை உயிராக நினைக்கிற ஒரு பையனின் கதை. முடிவு மிகக் கனமானது என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நாம் பார்த்தால், திங்கட்கிழமை காலையில் வகுப்பில் தூங்கிவிழும் பையனை எழுப்புமுன் ஒரு கணம் யோசிப்போம்.

பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. சினிமா பார்க்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பார்த்ததைப் பேச ஓர் இடம் வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருப்போம். படம் ஓடும்போது அலுவலக வேலை பார்க்கப் போய்விடாமல், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்ப்போம். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்று கவனிப்போம். தலை குனிந்த பிள்ளையிடம் மறுநாள் தனியாக இரண்டு வார்த்தை பேசுவோம்.

உங்கள் பள்ளியில் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பிள்ளைகள் சொன்னதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பகிர்ந்துகொள்வோம்.