இன்சுலினின் உருவமும் வலிமையும்



1922இல் ரொறன்ரோ நகரில், நீரிழிவினால் சாகக்கிடந்த சிறுவனொருவனை ஊசிவழி ஏற்றிய இன்சுலின் பிழைக்கச் செய்தது. அப்புரதத்தின் வலிமை அதன் உருவத்திலேயே தங்கியுள்ளது. இரு சங்கிலிகளாவதற்கு முன் அது 86 அமினோவமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. அது தானே மடிந்து, கந்தகப் பிணைப்புகளால் இறுகுகின்றது. பின்னரே நடுத்துண்டு வெட்டுண்டு நீங்க, 21 அமிலங்களும் 30 அமிலங்களும் கொண்ட இரு சங்கிலிகள் பிணைந்தபடி எஞ்சுகின்றன.

தசைக்கலத்தின் மேலுள்ள வாங்கியும் பல மடிப்புப் பகுதிகளால் ஆனதே. இன்சுலின் அங்கே பொருந்துகையில் தன் நுனியொன்றை விரிக்கின்றது. வாங்கியும் உருமாறி, குருதியிலுள்ள குளுக்கோசை ஏற்குமாறு கலத்தினுள்ளே செய்தி அனுப்புகின்றது.

கடும் வெப்பத்தில் மடிப்புக் குலைந்தால், அமிலமொன்றும் குறையாவிடினும் மருந்து வீணே. ஆகவே, நம் வீட்டு நோயாளரின் இன்சுலினை வெயிலில் வையாது, குளிர்ச்சியாகப் பேணுவோமாக!