மனசையும் விசாரிப்போம்



நம்ம ரமணாசிரமம் பகுதிக்கு மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ வர்றாங்க. நம்ம வீட்டுப் பெண்ணுக்கு மனசு எப்படி இருக்குன்னு கேட்கத்தான் ஆள் இல்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் மாத்திரை வாங்குகிறோம். தூக்கம் வரலை, அழுகையா வருது என்றால் காத்து கருப்பு, திமிர் என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டவே கூடாது, வைத்தியம் அவர்கள் உரிமை என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் மனநல டாக்டர் ஏது?

ஜிம்பாப்வே நாட்டிலும் இதே நிலைமைதான். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006-ல் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வந்தவர் சொல்வதைப் பாட்டி கேட்பார். எந்தக் கஷ்டத்தை முதலில் தீர்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். பலன் கிடைத்தது என்று 2016-ல் ஆராய்ச்சியும் வந்தது.

நமக்குப் பெஞ்சு வேண்டாம், ஜமக்காளம் இருக்கு. எங்கள் குழுவில் பிள்ளை பெற்ற ஒரு தங்கச்சி மூன்று வாரம் வரவில்லை, தவணையும் வரவில்லை. இரண்டு பேர் போய்ப் பார்த்தோம். குழந்தை அழுகிறது, அவள் சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். சோம்பேறித்தனம் என்றார் மாமியார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், குணமாகும் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மான நோட்டில் எழுதினோம். மாற்றி மாற்றித் துணைக்குப் போனோம். இப்போது கூட்டத்துக்கு வருகிறாள், தவணையும் கட்டுகிறாள்.

நாம் டாக்டர் இல்லை. ஆனால் இவ்வளவு செய்யலாம். ஒருத்தி இரண்டு கூட்டம் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். புத்தி சொல்லாமல் காது கொடுக்கணும். கேட்டதை வெளியே பேசக் கூடாது. சாகணும் என்று சொன்னால் தனியே விடாமல் 14416-க்குப் போன் பண்ணணும். இரவு பகல் இலவசம், தமிழில் பேசலாம். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகணும்.

குழுவுக்கு இரண்டு பேருக்கு இதில் பயிற்சி தர இந்தக் கூட்டமைப்பு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தவணையை விசாரிக்கிற நாம் தூக்கத்தையும் விசாரிப்போம்.